ஹட்டனிலிருந்து டொரண்டோவுக்கு: பிசினஸ் வகுப்பு தகுமா, டுபாயில் தங்கலாமா?

ஹட்டனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு 67 வயது, மனைவிக்கு 63. டொரண்டோவில் இருக்கும் மகளுக்கு ஒக்டோபரில் பிரசவம். செப்டெம்பரில் போய்ப் பெப்ரவரியில் திரும்ப எண்ணம். கனடா விசா கிடைத்துவிட்டது. அம்மாவால் அவ்வளவு நேரம் மடங்கி உட்கார முடியாது என்று மகள் இருவருக்கும் பிசினஸ் வகுப்புக்கே பணம் தருகிறாள். போகும்போது டுபாயில் இரண்டு இரவு தங்கி, களைப்பாறிப் போங்கள் என்கிறார் மருமகன். மனைவிக்கு முழங்கால் வலி, பிரஷரும் உண்டு. இதுவரை சென்னைக்கு மட்டுமே பறந்திருக்கிறோம். இவ்வளவு பணத்தைக் கொட்டுவது தகுமா? இடையில் தங்கத்தான் வேண்டுமா?"

தகும் ஐயா. உங்களுக்காக இல்லாவிட்டாலும் அம்மாவின் முழங்காலுக்காகத் தகும். டுபாயில் தங்கும் விடயத்தில் மட்டும் மருமகனோடு எனக்கு உடன்பாடில்லை. போகும்போது தங்காதீர்கள். தங்குவதென்றால் திரும்பும்போது தங்குங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

விமான நிறுவனத்தின் கணக்கில் உங்கள் பயணம் கட்டுநாயக்கவில் தொடங்குகிறது. உங்கள் உடம்பின் கணக்கில் அது ஹட்டனில், வான் வண்டியில் ஏறும்போதே தொடங்கிவிடுகிறது. கினிகத்தேனை வளைவுகளில் இறங்கி, கித்துல்கல, அவிசாவளை தாண்டி, கடுவெலையில் வெளிச்சுற்று அதிவேக வீதியைப் பிடித்து, கெரவலப்பிட்டி வழியாகக் கட்டுநாயக்க போய்ச் சேர, சாப்பிட நிறுத்துவதையும் சேர்த்து ஐந்து மணி நேரம் வையுங்கள். புறப்படும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். பிறகு டுபாய்க்கு நாலரை மணி நேரம். அங்கே மூன்று நான்கு மணி நேரக் காத்திருப்பு. அதற்குப் பிறகு டொரண்டோவுக்கு ஏறத்தாழ 14 மணி நேரம். கூட்டிப் பாருங்கள், 30 மணி நேரத்தைத் தொடுகிறது. இந்த 30இல் முதுகை நீட்டிப் படுக்க முடிகிற இடம் அந்த 14 மணி நேரம் ஒன்றுதான். மகள் பணம் கொடுப்பது உண்மையில் அந்தப் படுக்கைக்குத்தான். வெள்ளித்தட்டு, வாசனைத் துண்டு எல்லாம் ஒப்புக்கு.

அதனால்தான் லண்டன் வழியை நான் சிபாரிசு செய்வதில்லை. கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் 11 மணி நேரம். அங்கிருந்து டொரண்டோவுக்கு இன்னும் எட்டு. சாதாரண வகுப்பில் போகிறவருக்கு இப்படிச் சமமாகப் பிரிந்திருப்பது நல்லது, நடுவில் காலை நீட்டலாம். படுக்கை கிடைத்தவருக்கு இதுவே தலைகீழ். இரண்டு தடவை சாப்பாடு, இரண்டு தடவை எழுப்பல், இரண்டும் அரைத்தூக்கம். வளைகுடா வழியில் ஒரு சிறு பறப்பும் ஒரு நெடும் பறப்பும் வருவதால், நெடும் பறப்பில் ஆறு ஏழு மணி நேரம் தொடர்ந்து தூங்கலாம். பணம் இறுக்கமென்றால், டுபாய் வரை சாதாரண வகுப்பும் அதற்குப் பிறகு பிசினஸுமாக ஒரே டிக்கெட்டில் விலை கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் கொள்ளை லாபம். நாலரை மணி நேரம் என்பது ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போவது மாதிரிதான்.

இனி தங்கலுக்கு வருகிறேன். இலங்கை நேரத்துக்கும் டுபாய் நேரத்துக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம். செப்டெம்பரில் இலங்கைக்கும் டொரண்டோவுக்கும் ஒன்பதரை. உடம்பின் கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் நகரும் என்பது பொதுவான கணக்கு. போகும்போது டுபாயில் இரண்டு இரவு தூங்கினால் அந்த ஒன்றரை மட்டுமே கழியும். மிச்சம் எட்டு மணி நேரத்தையும் மகள் வீட்டில், நள்ளிரவில் விழித்துக்கொண்டு சமையலறை விளக்கைப் போட்டுத்தான் கழிக்க வேண்டும். திரும்பும்போது கணக்கே மாறிவிடுகிறது. டுபாய் நேரம் கிட்டத்தட்ட நம் ஊர் நேரம். அங்கே தூக்கம் வராமல் புரளும் இரண்டு இரவுகளும் ஊரில் புரள வேண்டிய இரவுகளில் கழிந்துவிடும். வெயிலையும் பாருங்கள். செப்டெம்பரில் டுபாய்ப் பகல் 40 பாகையை ஒட்டியிருக்கும். கார்த்திகை மாதத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றாதவர்களுக்கு அது ஓய்வல்ல, தண்டனை. பெப்ரவரியில் இதமாக இருக்கும்.

தங்குவதற்கு விசா வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் ஒரே டிக்கெட்டில் விமானம் மாறி, நிலையத்துக்குள்ளேயே இருந்தால் டுபாயில் விசா தேவையில்லை. வாசலைத் தாண்டி ஊருக்குள் போவதென்றால் முன்கூட்டியே எடுக்க வேண்டும், விமான நிறுவனம் மூலமே கேட்கலாம். 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அது விமானம் மாறுதல் அல்ல, இடைத்தங்கல். கட்டணமும் மாறக்கூடும், பொதிகளும் உங்கள் கைக்கு வரும். வட அமெரிக்க வழியில் வளைகுடா நிறுவனங்களின் பிசினஸ் டிக்கெட்டுக்கு ஆளுக்கு 32 கிலோ வீதம் இரண்டு பொதி. இரண்டு பேருக்கும் 128 கிலோ! அதை இழுத்துக்கொண்டு டுபாய் ஹோட்டலுக்குப் போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நிலையத்திலேயே கட்டணத்துக்குப் பொதிகளை வைத்துவிட்டுப் போக இடமுண்டு. அதைவிட, திரும்பும்போது ஆளுக்கு ஒரு பெட்டி என்று மகளிடம் இப்போதே கண்டிப்பாகச் சொல்லிவிடுவது நல்லது. (சொன்னால் கேட்பார்களா என்பது வேறு.)

அவுஸ்திரேலியா போகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: சிங்கப்பூரில் குறுகிய காலம் தங்க நமக்கு விசா தேவையில்லை. அந்த வழிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி பாதி இல்லை.

ஒரே டிக்கெட் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில முகவர்கள் மலிவாக்கித் தருகிறேன் என்று கொழும்பிலிருந்து ஓரிடத்துக்கு ஒன்றும், அங்கிருந்து டொரண்டோவுக்கு வேறொன்றுமாக இரண்டு டிக்கெட் வெட்டுவார்கள். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைத் தெரியாது. பொதியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வெளியே வரவேண்டும், அதற்கு விசாவும் வேண்டும். ஐரோப்பிய நிலையங்களில் விமானம் மாறக்கூட இலங்கையருக்கு டிரான்சிட் விசா தேவை. செல்லுபடியான கனடா விசா கையில் இருப்பதால் உங்களுக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கும் நிலையத்தின் உள்ளேயே மாறுகிறவரைக்கும்தான். கையில் வரும் தாளில் பதிவு எண் ஒன்றா இரண்டா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

பிசினஸ் என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றல்ல. மலிவான பிசினஸ் டிக்கெட் சிலவற்றில் லவுஞ்ச் (நிலைய ஓய்வுக்கூடம்) அனுமதி கிடையாது, திகதி மாற்றவும் முடியாது. பிரசவத்துக்குப் போகிறவர் திகதி மாற்ற முடியாத டிக்கெட்டை வாங்கக் கூடாது. குழந்தை நாட்காட்டி பார்த்து வருவதில்லை.

இருக்கையையும் கேளுங்கள். டுபாயின் எமிரேட்ஸ் நிறுவனத்தின் 777 விமானங்களில், ஒரு வரிசையில் இரண்டு, மூன்று, இரண்டு என்று இருக்கை போட்ட பழைய 2-3-2 அமைப்பை 1-2-1 ஆக மாற்றிக்கொண்டு வருகிறார்கள். பழையது வந்தால் நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். டொரண்டோவுக்கு ஓடும் ஏ380 என்ற இரண்டடுக்கு விமானத்தின் மேல்தளத்தில் 1-2-1தான். அங்கே நடு இரட்டை இருக்கைகள் ஒரு வரிசையில் ஒட்டியும், அடுத்த வரிசையில் விலகியும் இருக்கும். ஒட்டியவை ஈ, எஃப் எழுத்துள்ளவை. அதைக் கேட்டு வாங்கினால் அம்மா கைநீட்டி உங்களை எழுப்பலாம். விலகியதில் உட்கார்ந்தால் இருவருக்கும் நடுவே இரண்டு மேசை.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கட்டணமில்லாமல் கிடைக்கும், 48 மணி நேரத்துக்கு முன்பே பதியச் சொல்லுங்கள். கூச்சப்படுவார், சம்மதிக்க வையுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கோரிக்கை மூன்று வகை: தூரம் நடக்க முடியாதவர், படி ஏற முடியாதவர், இருக்கைவரை தூக்கி விடவேண்டியவர். முதல் வகையைப் பதிந்துவிட்டு, அன்று பார்த்து விமானத்தை வெளியில் நிறுத்திப் படி வைத்தார்களென்றால், முழங்கால் வலியோடு அவர் அத்தனை படிகளையும் ஏற வேண்டிவரும். அம்மாவுக்கு இரண்டாவது வகை.

சாப்பாட்டில் நம்மவர்கள் வழமையாக ஏமாறுவது ஒரு சொல்லில். விசேட உணவுப் பட்டியலில் 'இந்து உணவு' என்று ஒன்று இருக்கும். சைவக்காரர் அதைத்தான் தொட்டு வைப்பார். அது மாட்டிறைச்சி இல்லாத அசைவம். தட்டைத் திறந்தால் கோழியோ ஆட்டிறைச்சியோ இருக்கும். சைவம் வேண்டுமென்றால் 'ஆசிய மரக்கறி உணவு', சுருக்கெழுத்தில் ஏ.வி.எம்.எல். இதைப் பிசினஸ் வகுப்பிலும் முன்பே பதிய வேண்டும்.

விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் எப்படி இருக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். மலைநாட்டவருக்கு அதில் புதுமை இல்லை. பறக்கும்போது உள்ளே 6,000 முதல் 8,000 அடி உயரத்து அழுத்தம் வைத்திருப்பார்கள். நுவரெலியா நகரம் 6,128 அடி, பிதுருதலாகலை உச்சி 8,281 அடி. அந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ 14 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இறங்கும்போது காது அடைப்பதும் கினிகத்தேனை இறக்கத்தில் அடைப்பதுதான். எச்சில் விழுங்கினால் திறந்துவிடும். புதுமை வரட்சியில் இருக்கிறது. பனி படிந்த காற்றில் வளர்ந்த மூக்குக்கு விமானக் காற்று பாலைவனம். தேநீரைக் குறைத்துத் தண்ணீர் குடியுங்கள்.

கால் வீக்கம் சும்மா விடக்கூடியதல்ல. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்வோருக்குக் காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இரட்டித்தும் அது ஆறாயிரத்தில் ஒருவருக்குத்தான். பயப்பட வேண்டாம், படுக்கை இருக்கிறதே என்று அசையாமலும் கிடக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடைபாதையில் ஒரு சுற்று. அழுத்தக் காலுறை வேண்டுமா என்று அம்மாவின் கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள், பிரஷர் குளிசையை எந்த நேரத்தில் மாற்றுவது என்றும் கேளுங்கள். குளிசைகள் எல்லாம் மருந்துச் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போடாதீர்கள். முழங்கால் வலிக்கு டிரமடோல் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் கவனம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. திரும்பும்போது டுபாய் ஊருக்குள் போவதென்றால் முன்னனுமதி வேண்டும், அல்லது வைத்தியரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

லவுஞ்சைப் பற்றி என் சொந்த அசட்டுத்தனம் ஒன்று. முதன்முதலில் பிசினஸில் போனபோது, வளைகுடா நிலையம் ஒன்றில் குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, சாய்வு நாற்காலியில் கண் அயர்ந்துவிட்டேன். அறிவிப்பு வரும், எழுந்துகொள்ளலாம் என்று எண்ணம். அந்த நிலையத்தில் அறிவிப்பே கிடையாது. கோப்பை எடுக்க வந்த பெண் தோளைத் தட்டியிராவிட்டால் விமானம் போயிருக்கும். சப்பாத்து நாடாவைக் கட்டாமலேயே ஓடினேன். டுபாயும் அறிவிப்பில்லாத நிலையம்தான். கைபேசியில் அந்த ஊர் நேரத்துக்கு அலாரம் வையுங்கள், புறப்பட ஒரு மணி நேரம் முன்பே வாயிலை நோக்கி நகருங்கள். சக்கர நாற்காலி தள்ள வருபவரிடம் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு, அதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வான்காரருக்குச் சொல்லும்போது போகும் நாளை மட்டும் சொல்லாதீர்கள். செப்டெம்பரில் தென்மேல் பருவமழை ஓய்ந்திருக்காது, கித்துல்கல பக்கம் மண் சரிந்தால் பாதை மூடிவிடும். இரவு விமானமென்றால் காலையிலேயே இறங்கிவிடுங்கள். திரும்பும் திகதியைப் போடும்போது பௌர்ணமி பார்த்துப் போடுங்கள். பெப்ரவரி சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம். போயா விடுமுறையும் வாரக்கடைசியும் சேர்ந்து வந்தால் கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை பஸ்களும் வான்களும் வரிசை கட்டி நிற்கும். 13 மணி நேரம் படுத்து வந்த சுகமெல்லாம் அந்த ஏற்றத்தில் கரைந்துவிடும். செவ்வாய், புதன் பாருங்கள்.