நாற்பது பேருக்கு முன்னால்

அன்புள்ள அண்ணை,

நாங்கள் நாலு பேர் மல்லாவியில ஒண்டாப் படிச்சனாங்கள். 2009இல செட்டிக்குளம் அகதி முகாமில பக்கத்துப் பக்கத்துத் தறப்பாள். தண்ணி லைனில ஒராள் நிண்டால் நாலு வீட்டு வாளியும் நிரம்பும். இப்ப ஒருவன் மடுப்பக்கம் கத்தோலிக்கக் கோயிலில உபதேசியார். ஒருத்தி குடும்பநல உத்தியோகத்தர். ஒருவன் ரொறன்ரோவில. நான் இஞ்சதான், வயலும் ஒரு சின்னக் கடையும்.

2024 ஜனாதிபதித் தேர்தலில எங்கட பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவில பெரிய சண்டை. உபதேசியார் சங்குச் சின்னத்துக்கு, குடும்பநல உத்தியோகத்தர் திசைகாட்டிச் சின்னத்துக்கு. ரெண்டு பேரும் வாய்க்கு வந்தபடி எழுதிச்சினம். ஒரு கிழமையில எல்லாம் சரி. போன மாசம் ஆரோ ஒரு செய்தியைப் போட்டினம்: ஸ்கானில பிள்ளைக்கு மண்டையோடு இல்லையெண்டு தெரிஞ்சும் சட்டப்படி ஒண்டும் செய்யேலாமல் பெத்த ஒரு தாயின்ர கதை. உபதேசியார் உடன எழுதினான், 'கொலை எண்டால் கொலைதான்.' ரொறன்ரோக்காரன் எழுதினான், 'அது அவளின்ர உடம்பு, உங்கட கோயிலுக்கு அதில என்ன வேலை?' குடும்பநல உத்தியோகத்தர் ஒரு சொல்லும் எழுதேல்ல. குழுவை விட்டுப் போயிட்டாள். போன் எடுத்தாலும் எடுக்கிறாள் இல்லை.

ஆர் பக்கம் அண்ணை நியாயம்? இனி அரசியல், மதம், இந்தக் கதையள் ஒண்டும் குழுவில வேண்டாம் எண்டு ஒரு சட்டம் போடட்டோ?

(பெயர் போட வேண்டாம்)
மல்லாவி

அன்புள்ள தம்பி,

சட்டம் போடாதீர்கள். சலூன்களில் 'இங்கு அரசியல் பேச வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். கழுத்தில் கத்தி இருக்கும் இடம், அங்கே அது சரி. நண்பர்களுக்குள் எதற்கு? யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாத ஒரு காலம் முழுக்க, மனதில் இருப்பதை வெளியே விடாமல் இருக்கப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்துக்கு இப்போது 'மரியாதை' என்று பெயர் சூட்டியிருக்கிறோம். எனக்கு அது பயத்தின் மிச்சமாகத்தான் படுகிறது.

தேர்தல் சண்டை ஏன் ஆறியது என்று யோசித்தீர்களா? அதற்கு ஒரு நாள் இருந்தது. செப்டெம்பர் 21 வாக்குப் போட்டார்கள், எண்ணினார்கள், முடிந்தது. வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் மறுநாள் வயலுக்குப் போக வேண்டியிருந்தது. (அந்தச் சண்டையில் ஆகக் கூடுதலாகக் கத்தியது இங்கே வாக்கே இல்லாத ரொறன்ரோக்காரராக இருந்திருப்பார் என்பது என் ஊகம். தவறென்றால் மன்னிக்கட்டும்.) கருக்கலைப்புக்கு எண்ணும் நாள் கிடையாது. அது ஒரு வீட்டுக்குள், ஒருத்திக்கு நடப்பது. சில வேளை அடுத்த அறையில் புருஷனுக்கே தெரியாமல் நடப்பது.

அதோடு உங்கள் நண்பர்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கவுமில்லை. ரொறன்ரோக்காரர் இருக்கும் நாட்டில் 1988இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. அன்றிலிருந்து அங்கே அது குற்றவியல் சட்டத்துக்குள் இல்லை. நாங்கள் இருப்பது இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைக்குள். அதன் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்வதைத் தவிர மற்றதெல்லாம் குற்றம். மூன்று வருடம் வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. தனக்குத் தானே செய்துகொள்ளும் பெண்ணும் அதே பிரிவுக்குள்தான் வருகிறாள். வல்லுறவால் உண்டான கருவுக்கும், பிறந்தாலும் பிழைக்காது என்று தெரிந்த சிசுவுக்கும்கூட விலக்கு இல்லை. 1995இல் மாற்றப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 2017இல் இப்படிச் சில நிலைமைகளுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம் என்று அமைச்சரவை வரை போனது. கத்தோலிக்க ஆயர்கள் பகிரங்கமாக எதிர்த்தார்கள், அது அப்படியே நின்றுவிட்டது.

ஆகவே ஒருவர் ரொறன்ரோவில் நின்றுகொண்டு 'அவளின்ர உடம்பு' என்கிறார். மற்றவர் மடுவில் நின்றுகொண்டு 'கொலை' என்கிறார். செய்தியில் வந்த தாய் இரண்டு பேருடைய வசனத்திலும் இல்லை.

2017 ஓகஸ்ட் மாதம் இதே சண்டையை நானும் பிடித்தேன். முள்ளியவளையில் ஒரு கூட்டாளி, கத்தோலிக்கன், என்னைவிட நன்றாகத் தேவாரம் பாடுவான். பேப்பரில் அந்தச் செய்தி வந்த அன்று அவன் வீட்டுத் திண்ணையில் இருந்து நான் பெரிய வக்கீல் மாதிரிக் கதைத்தேன். சாகப்போகிற பிள்ளையில் தொடங்கி, கதை சூட்டில் எங்கேயோ போய், 'குறையோட ஒரு பிள்ளை பிறந்து ஆருக்கு என்ன லாபம்' என்று விட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கி, தன் ஜெய்ப்பூர் செயற்கைக் காலை விரலால் இரண்டு தரம் தட்டினான். போரில், மாத்தளனில் போன கால். பிறகு, 'தேத்தண்ணி ஆறுது, குடி' என்றான்.

எனக்கு அன்றைக்குத்தான் அவன் பயம் விளங்கியது. பாப்பரசர் சொன்னதற்காக மட்டும் அவன் எதிர்க்கவில்லை. வன்னியில் எந்த ஒழுங்கையில் போனாலும் கை, கால், கண் இழந்த ஒருவராவது இருப்பார். 'குறை' என்பதை உயிரைத் தீர்மானிக்கும் சொல்லாகச் சட்டத்தில் ஏற்றிவிட்டால் அது கருவறையோடு நிற்குமா என்று கேட்கும் உரிமை அவனுக்கு என்னைவிடக் கூட.

நான் அவன் பக்கம் சாயவில்லை. வல்லுறவுக்கும், பிழைக்கவே முடியாத சிசுவுக்கும் சட்டம் வழிவிட வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் என் எண்ணம். ஆனால் 'குறையுள்ள பிள்ளை' என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் எடுப்பதில்லை. மண்டையோடு உருவாகாத சிசு வேறு, நடக்க முடியாத பிள்ளை வேறு. அந்த வித்தியாசத்தை எனக்குப் படிப்பித்தவன் என் எதிர்க்கட்சிக்காரன். என் வாதம் சுருங்கியது, சுருங்கியதால் உறுதியானது. என்னோடு ஒத்துப்போகிறவர்களிடம் இருந்திருந்தால் அதே பிழையை ஊர் ஊராகச் சொல்லித் திரிந்திருப்பேன்.

'உங்கட கோயிலுக்கு என்ன வேலை' என்று கேட்ட ரொறன்ரோக்காரர் ஒன்றை நினைக்க வேண்டும். பிறந்த மதம் சைவமாக இருந்தால் அவருடைய தர்மசாத்திரங்களும் சிசுவை அழிப்பதைப் பெரும்பாவமாகத்தான் எண்ணுகின்றன. புத்த பிக்கு ஒருவர் கருவை அழிக்க உதவினால் சங்கத்தில் இருக்க முடியாது என்கிறது பிக்குகளின் ஒழுக்க விதியான விநயம். மாதாவுக்கு மட்டும் சொந்தமான கவலை இல்லை இது.

வாதாடுவதற்கு எங்களிடமே ஒரு முறை இருக்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பரபக்கம் வைத்தார். உலகாயதனில் தொடங்கி எதிராளி ஒவ்வொருவருடைய மதத்தையும் முதலில் எடுத்து வைப்பார், பிறகுதான் மறுதலை. கடவுளே இல்லை என்பவனுக்கும் அங்கே முதல் வாய்ப்பு உண்டு. உங்கள் உபதேசியாரை ஒரு தரம் ரொறன்ரோக்காரர் பக்கத்தைச் சொல்லச் சொல்லுங்கள். மற்றவர் 'ஓம், அதுதான் நான் சொல்ல வந்தது' என்று தலையாட்டும்வரை. பிறகு மாறி. சண்டை தீராது, ஆனால் ஒரு நாள் பிடிக்கும் சண்டை அரை மணித்தியாலத்தில் முடியும்.

இதெல்லாம் அந்த இரண்டு பேருக்கும். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அவள்.

அவள் ஒரு சொல்லும் எழுதவில்லை என்கிறீர்கள். எதை எழுதுவாள்? வீடு வீடாகப் போகிறவள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது, யார் எங்கே போய் என்ன குளிசை வாங்கிக் குடித்துவிட்டு இரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தாள் என்பதெல்லாம் அப்படிப் போகிறவர்களுக்குத் தெரியவரும். அதில் ஒன்றைக்கூட வெளியே சொல்ல முடியாத உத்தியோகம். தனக்குத் தெரிந்த முகங்களை மனதில் வைத்துக்கொண்டு 'கொலை எண்டால் கொலைதான்' என்பதை அவள் வாசித்திருக்கிறாள். பள்ளிக்கூடக் குழு என்றால் நாற்பது பேராவது இருப்பீர்கள், பாதிப்பேர் பெண்கள். அந்தச் சொல் யார் யாரில் போய் விழுந்தது என்று உபதேசியாருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கலாம்.

உபதேசியார் தன் விசுவாசத்தை விட வேண்டியதில்லை. கரு உண்டான நேரத்திலிருந்து அது உயிர் என்று அவர் நம்புகிறார், அதை எங்கேயும் சொல்லலாம். ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் ஒரு குருவானவர் கதைக்கும் குரல் எது, குழுவில் இவர் கதைத்த குரல் எது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். என்னைவிட நன்றாக அவருக்குத் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அவளுக்கு வேலையில்லாத ஒரு நாள் பார்த்து, உபதேசியாரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள். அவர் அங்கே விளக்கம் சொல்லத் தொடங்கினால் நிறுத்துங்கள். ஒரு கேள்வி மட்டும் கேட்கட்டும்: 'நான் எழுதினது உனக்கு எங்க குத்தினது?' அவள் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வவுனிக்குளம் கட்டுப் பக்கம் மூன்று பேரும் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது சில கதைகள் தானாக வரும்.

குழுவில் அவளைத் திரும்பச் சேர்க்கும் வேலையை இப்போதைக்கு விடுங்கள். ரொறன்ரோக்காரரை வீடியோவில் எடுக்கவும் வேண்டாம், அவருக்குப் பிறகு சொல்லலாம்.

அன்புடன்,
அண்ணன்