கம்பத்தில் பூசிய நிறம் கையில் கயிறாகிறது

கேள்வி: லண்டனில் வசிக்கும் என் மகள், அங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் நிறவெறி தலைதூக்காமல் பார்த்துக்கொள்வதில் உள்ளூர் மன்றங்களுக்கும் பொறுப்பு உண்டு என்கிறாள். நம் நெல்லைச் சீமையில் மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு மோதிக்கொள்கிறார்கள். இதில் ஊராட்சியும் நகராட்சியும் செய்வதற்கு என்ன இருக்கிறது? கல்வித்துறையும் காவல்துறையும் பார்க்க வேண்டிய வேலை அல்லவா இது?
- வாசகர் ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த எண்ணம்தான் நம் உள்ளாட்சி மன்றங்களை இத்தனை காலமாக ஒதுங்கி நிற்க வைத்திருக்கிறது.

சென்ற ஆடி மாதம் தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஊர் முகப்பிலிருந்து பள்ளி வாசல் வரை பதினான்கு மின்கம்பங்கள். முதல் ஒன்பதில் ஆள் உயரத்துக்கு இரண்டு நிறங்களில் பட்டை பூசியிருந்தார்கள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் மீதி ஐந்திலும் வேறு இரண்டு நிறங்கள். பேருந்து நிழற்குடையின் தூணிலும், மேல்நிலை நீர்த்தொட்டியின் கால்களிலும் அதே பட்டைகள். பேருந்திலிருந்து இறங்கிய ஒரு பையன், எட்டாம் வகுப்பு இருக்கலாம், வாசலுக்குச் சற்று முன்னால் நின்று மணிக்கட்டில் இருந்த கயிற்றை மேலே தள்ளி, அரைக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனான். அவன் கயிற்றின் நிறமும் முதல் ஒன்பது கம்பங்களின் நிறமும் ஒன்றே. அந்த நிறத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் அன்று. அந்தத் தெருவிளக்கைப் பராமரிப்பதும், அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதும் ஊராட்சி. தன் பொறுப்பில் உள்ள தூணில் சாதியின் நிறத்தை அனுமதித்துவிட்டு, பிள்ளையின் கையில் இருப்பதை மட்டும் ஆசிரியர் அவிழ்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

கயிற்றை மட்டும் தடுத்துப் பார்த்தாயிற்று. 2019இல் வண்ணக் கயிறுகளைக் குறித்துப் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார்; எதிர்ப்பு எழுந்ததும் அது நடைமுறைக்கு வராமலே போயிற்று. 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே பட்டியல் சாதி மாணவர் ஒருவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூன் மாதம் தன் அறிக்கையைக் கொடுத்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற அடையாளங்களைத் தடை செய்வது, ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராக அமர்த்தாமல் இருப்பது எனப் பல பரிந்துரைகள் அதில் உண்டு. தொடக்கப் பள்ளிகளின் நிர்வாகத்தை ஊராட்சி ஒன்றியங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. கொள்கையளவில் நல்லது. ஆனால் கம்பத்து நிறத்தை அழிக்கவே தயங்குகிற மன்றத்திடம் ஆசிரியர் நியமனத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முதலில் தூண்கள் வெளுக்கட்டும்.

உங்கள் மகள் சொன்னதற்கு வருகிறேன். 1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின மாணவரை வெள்ளையின இளைஞர் கும்பல் ஒன்று குத்திக் கொன்றது. அதை விசாரித்து 1999இல் வெளியான மெக்பர்சன் அறிக்கை, காவல்துறையைக் கண்டித்ததோடு நிற்காமல் பள்ளிகளைப் பற்றியும் பேசியது: நிறவெறிச் சம்பவம் ஒவ்வொன்றையும் பள்ளி பதிவு செய்ய வேண்டும், பெற்றோருக்கும் பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் உள்ளூர்க் கல்வி நிர்வாகத்துக்கும் தெரிவிக்க வேண்டும், ஆண்டுதோறும் பள்ளிவாரியாக எண்ணிக்கையை வெளியிட வேண்டும் என்றது. நம் பள்ளிகள் செய்வது இதற்கு நேர் எதிரானது. சாதியைச் சொல்லித் திட்டினான் என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால், 'வெளியே தெரிந்தால் பள்ளிக்கூடத்தின் பேர் கெட்டுவிடும்' என்று இருவரையும் கைகுலுக்க வைத்து அனுப்பிவிடுகிறார்கள். நாங்குநேரி மாணவர் பள்ளிக்கு வருவதையே நிறுத்திய பிறகுதான் அவர் பட்ட துன்பம் ஆசிரியர்களின் காதுக்கு எட்டியது. அதற்குமுன் நடந்த ஒவ்வொன்றும் ஒரு பதிவேட்டில் ஏறியிருந்தால், அந்த இரவுக்கு வெகு முன்பே யாராவது தலையிட்டிருக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பள்ளிக்குள் வேற்றுமை காட்டினால் வெளியில் இருப்பவர் கேட்கலாமா என்ற கேள்விக்கு நம் சீமையிலேயே பழைய விடை ஒன்று உண்டு. வ.வே.சு. ஐயரின் சேரன்மகாதேவி குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு, ஐயாயிரத்தைக் கொடுத்திருந்தது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போடுவது தெரியவந்ததும், அன்று காங்கிரசிலேயே இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் மீதிப் பணத்துக்குக் குறுக்கே நின்றார்கள். பொதுப்பணம் போகிற இடத்தில் பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். 1925இலேயே கேட்க முடிந்த கேள்வி அது.

ஆகவே உங்கள் ஊரில் தொடங்குங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நகர்ப்புறமானால் வார்டு உறுப்பினர் இருக்கிறார். நீர்த்தொட்டி, நிழற்குடை, கம்பம் ஆகியவற்றிலுள்ள சாதி நிறங்களை மன்றத்தின் செலவில், எல்லாத் தெருவிலும் ஒரே நாளில் அழிக்க வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். ஒரு தெருவில் மட்டும் அழித்தால் அதுவே அடுத்த சண்டைக்கு வித்தாகிவிடும். தூத்துக்குடி மாவட்டத்தில் காவல்துறையினர் ஊர்மக்களிடம் பேசி, அவர்கள் கையாலேயே இதைச் செய்ய வைத்திருக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சி உறுப்பினருக்கு இடம் உண்டு; சம்பவப் பதிவேடு ஒன்று திறந்து, மாதந்தோறும் அதைக் குழுவின் முன் வைக்கச் சொல்லி அவர் கேட்கலாம். பிள்ளைகளின் பெயர் வெளியே வர வேண்டாம். எண்ணிக்கையும் எடுத்த நடவடிக்கையும் வந்தால் போதும்.

தீர்மானம் நிறைவேறினாலும் தோற்றாலும் அதன் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.