இல்லாத விமானத்துக்கு எங்கிருந்து காற்று வரும்?

வாசகர் கேள்வி-பதில்

போன இதழில், பழைய பிளாஸ்டிக் மாடல் விமான கிட்களின் உதிரி பாகங்களை ஒட்டிச் செய்த ஒரு கற்பனைப் போர் விமானத்தின் படம் போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, மற்ற கேள்விகள் ஒரு மாதம் காத்திருக்கட்டும்.

கே: பாதியில் நின்றுபோன மிக்-21, இறக்கை உடைந்த ஜாகுவார், அண்ணன் விட்டுப்போன ஒரு பயணிகள் விமானம், அப்புறம் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சக்கரம், குண்டு, எரிபொருள் தொட்டி. இதை வைத்து யாரும் பார்த்திராத ஒரு போர் விமானம் செய்ய ஆசை. முதலில் எதை எதோடு ஒட்டுவது? — ஈரோடு வாசகர்

ப: இன்னும் மூன்று நாளைக்குப் பசையைத் தொடாதீர்கள். ஒரு தாளை எடுத்து நாலு விஷயம் எழுதுங்கள்: எந்த நாட்டு விமானம், எந்த வருஷம், என்ன வேலைக்கு, எப்படிப்பட்ட ஓடுதளத்தில் இறங்கும். டப்பாவில் எந்தத் துண்டை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று இந்த நாலு வரிதான் முடிவு செய்யும். மண் ஓடுதளம் என்று எழுதினால் சக்கரம் தடியாக இருக்க வேண்டும், என்ஜினுக்குக் காற்று போகும் வாய், அதாவது இன்டேக், தரையை ஒட்டித் தொங்கக் கூடாது, கல்லும் தூசியும் உள்ளே போய்விடும். ஒலியை மிஞ்சும் வேகம் என்று எழுதிவிட்டால் சரக்கு விமானத்தின் தடித்த இறக்கை உங்களுக்கு உதவாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் டப்பாவிலேயே கிடக்கட்டும்.

எனக்கு வரும் படங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு சறுக்குவது ஒரே இடத்தில்தான். டப்பாவில் எட்டு ஏவுகணை இருந்தால் எட்டையும் மாட்டிவிடுகிறார்கள், இரண்டு வால் இருந்தால் இரண்டையும். ஆனால் என்ஜின் எங்கிருந்து மூச்சு விடுகிறது, சக்கரம் மடங்கி எதற்குள் போகிறது, எரிபொருள் எங்கே இருக்கிறது, இறங்கும்போது விமானிக்குத் தரை தெரியுமா என்று கேட்டால் பதில் இல்லை. பார்ப்பவருக்கு விமானவியல் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, நிஜ விமானங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஏதோ இடறும், அவ்வளவுதான், என்னவென்று சொல்லத் தெரியாது.

உதிரி பாகத்தில் விமானம் கட்டுவது பொம்மைக்காரர் வேலை மட்டும் என்று நினைக்காதீர்கள். 1944 ஆகஸ்டில் ஜெர்மனியில் ஜுங்கர்ஸ் 287 என்ற குண்டுவீச்சு விமானத்தின் முதல் மாதிரி பறந்தது. இறக்கை முன்பக்கம் சாய்ந்த, அன்றைக்கு மிக அரிதான வடிவம். அந்த இறக்கையைச் சோதிக்க வேண்டும், முழு விமானம் செய்ய நேரம் இல்லை. ஆகவே உடல் ஹைன்கெல் 177-இலிருந்து, வால் ஜுங்கர்ஸ் 388-இலிருந்து, பின் சக்கரங்கள் ஜுங்கர்ஸ் 352-இலிருந்து. முன் சக்கரங்கள்? விழுந்து கிடந்த அமெரிக்க பி-24 விமானங்களிலிருந்து கழற்றியவை! எதிரியின் கிட்டில் இருந்தே உதிரி எடுத்திருக்கிறார்கள். அதன் படத்தைத் தேடிப் பாருங்கள், வால்வரைக்கும் ஒரே விமானமாகத் தெரியும். காரணம், ஒவ்வொரு துண்டும் அங்கே ஒரு வேலைக்காக வந்தது.

நாலு வரி எழுதியாயிற்றா? இப்போது துண்டுகளை மாஸ்க்கிங் டேப்பால் மட்டும் சேர்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நிழலுருவை மட்டும் பாருங்கள். நிறமும் விவரமும் மறைந்தபிறகு எது துருத்துகிறதோ அதுதான் தவறான துண்டு. மூன்று நாள் அப்படியே அலமாரியில் வைத்துப் போகும்போதும் வரும்போதும் பாருங்கள். என் வீட்டில் ஒன்று நான்கு மாதமாக டேப்போடு நிற்கிறது, அது வேறு கதை.

கே: 1/72 கிட்டோடு 1/48 பாகங்களைக் கலக்கலாமா? — மதுரை வாசகர்

ப: தாராளமாக, மனிதனின் அளவைக் காட்டிக்கொடுக்கும் பாகங்களைத் தவிர. 1/72 என்றால் நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு, 1/48 என்றால் 48-இல் ஒரு பங்கு. ஆறடி ஆள் 1/72-இல் இரண்டரை சென்டிமீட்டர், 1/48-இல் ஏறக்குறைய 3.8 சென்டிமீட்டர். ஆகவே விமானியின் இருக்கை, ஏணி, கதவு, கண்ணாடி மூடி எல்லாம் ஒரே அளவில் இருந்தே ஆக வேண்டும். மற்றதெல்லாம் வெறும் வடிவம். 1/48 எரிபொருள் தொட்டி 1/72-இல் ஆளில்லா விமானத்தின் உடல் ஆகும். ஈரோட்டுக்காரர் சொன்ன பயணிகள் விமானம் 1/144 போயிங் 737 என்று வைத்துக்கொண்டால் அதன் உடல் குறுக்கே 26 மில்லிமீட்டர், 1/72 கணக்கில் அது 1.88 மீட்டர், ஒரு போர் விமானத்துக்குச் சரியான தடிமன். ஜன்னல் ஓட்டைகளை அடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், அவ்வளவுதான்.

கே: ஃபெவிகுவிக் போதுமா, தனிப் பசை வாங்க வேண்டுமா? இடைவெளிகளை எதால் அடைப்பது? — சேலம் வாசகி

ப: என் முதல் கற்பனை விமானத்தை முழுக்க அந்த வகை உடனடிப் பசையால் ஒட்டி, காட்டுவதற்காக நண்பர் வீட்டுக்குப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒரே ஒரு வேகத்தடை. இரண்டு இறக்கையும் ஒன்றாகக் கழன்று முன் சீட்டுப் பாட்டியின் காய்கறிப் பைக்குள் விழுந்தன. அந்தப் பசை இழுப்பைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. கிட் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதற்கென்று இருக்கும், சிமென்ட் என்று சொல்லப்படும் தண்ணீர் போன்ற பசை, பிளாஸ்டிக்கையே கரைத்து இரு துண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் அதுகூடப் போதாது, ஏனென்றால் வேறு வேறு கிட் பாகங்களில் ஒன்றுக்குள் ஒன்று செருகும் காடி இருக்காது, தட்டையாக முட்டிக்கொண்டு நிற்கும். இறக்கையிலும் உடலிலும் எதிரெதிரே துளை போட்டு, நிமிர்த்திய ஜெம் கிளிப் துண்டைச் செருகி ஒட்டுங்கள். அப்புறம் வேகத்தடை பயம் வேண்டாம்.

பெரிய பள்ளத்துக்கு எம்-சீல் நன்றாகவே வேலை செய்யும், ஈர விரலால் தடவினால் வழவழப்பாக வரும். சின்ன இடுக்குக்கு ஆப்பசோடாவைத் தூவி மேலே ஒரு சொட்டு உடனடிப் பசை, நொடியில் கல்லாகும். அன்றைக்கே வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துவிடுங்கள், நாள்பட்டால் பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகி, சுற்றியிருப்பது தேயும், அது தேயாது. கண்ணாடி மூடிக்கு மட்டும் உடனடிப் பசை கூடவே கூடாது, அதன் ஆவி படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும்.

நிஜ விமானத்தின் உலோகத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் தகட்டுக் கோடுகள் பழைய கிட்களில் புடைத்திருக்கும், புதியவற்றில் குழிந்திருக்கும். இரண்டும் ஒரே விமானத்தில் வந்தால் ஒட்டு வேலை என்று ஊருக்கே தெரியும். புடைப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு ஊசியால் கீறிக்கொள்ளுங்கள். கடைசியில் மொத்தத்துக்கும் சாம்பல் நிற ப்ரைமர். பச்சை, வெள்ளை, வெள்ளி என்று பல நிறத்தில் கிடந்தது அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒரு விமானமாகத் தெரியும், விட்டுப்போன இடுக்கெல்லாமும் அன்றைக்குத்தான் தெரியும்.

கே: நிஜ விமானத்தை ரிவெட் பிசகாமல் செய்வதுதான் கலை, நீங்கள் செய்வது கதை என்கிறார் என் நண்பர். — புதுச்சேரி வாசகர்

ப: கதைதான். நண்பருக்கு இன்னொரு கதை சொல்லுங்கள். 1986-இல் அமெரிக்காவின் டெஸ்டர்ஸ் நிறுவனம் எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர் என்று 1/48-இல் ஒரு கிட் வெளியிட்டது. அப்படி ஒரு விமானமே கிடையாது. ராணுவம் ரேடாருக்குத் தெரியாத ஏதோ ஒன்றை வைத்திருக்கிறது என்ற வதந்தி மட்டும் இருந்தது, வரிசையில் 18-க்கும் 20-க்கும் நடுவே 19 என்ற எண் காலியாக இருந்தது. ரேடார் அலை எப்படித் திரும்பும் என்று யோசித்து, வளைவு வளைவாக, விளிம்பே இல்லாத ஒரு வடிவத்தைக் கற்பனை செய்தார்கள். விற்பனை எங்கோ போய்விட்டது. ரகசிய விமானம் பொம்மைக் கடைக்கு எப்படி வந்தது என்று அமெரிக்க நாடாளுமன்றம் வரை பேச்சு! அடுத்த ஆண்டே அதே நிறுவனம் சோவியத் பக்கத்துக்கும் மிக்-37 என்று இல்லாத ஒன்றைச் செய்து விற்றது.

1988 நவம்பரில் நிஜம் வெளியே வந்தது. எஃப்-117. வளைவே இல்லை, முழுக்கத் தட்டைத் தகடுகள், வைரத்தைப் பட்டை தீட்டியது மாதிரி. ஆக, பொம்மை தப்பு. ஆனால் அது கேட்ட கேள்வி சரியானது, அதனால்தான் பெரியவர்களே நம்பினார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று: அந்த நிஜ எஃப்-117-இன் என்ஜின் எஃப்-18 குடும்பத்தது, பறப்பதைக் கட்டுப்படுத்தும் கணினி எஃப்-16-இலிருந்து வந்தது. அவர்களும் உதிரி டப்பாவைத்தான் கிளறியிருக்கிறார்கள்.

கே: நம் நாட்டு விமானம் ஒன்றை வைத்துக் கற்பனை செய்ய வழி உண்டா? — பெங்களூரு வாசகர்

ப: உங்கள் ஊரிலேயே இருக்கிறது, எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குப் போய் இந்தியாவில் செய்த மாருத் போர் விமானத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ஃபோக்கே-வுல்ஃப் 190 என்ற ஜெர்மன் போர் விமானத்தை வடிவமைத்த கர்ட் டாங்க் பெங்களூரில் உட்கார்ந்து வரைந்த இந்த எச்.எஃப்-24, 1961 ஜூன் 17-இல் முதலில் பறந்தது. ஊசி மூக்கு, ஒடுங்கிய இடுப்பு, பார்த்தாலே ஓடத் துடிக்கும் உடல். குறை ஒன்றுதான், என்ஜின். எதிர்பார்த்த சக்திவாய்ந்த ஆர்ஃபியஸ் வரவே இல்லை, எகிப்தின் ஈ-300 என்ஜினைப் போட்டுப் பறந்து பார்த்ததும் பலிக்கவில்லை. தலா 4,850 பவுண்டு உந்துவிசை தரும் ஆர்ஃபியஸ் 703 இரண்டோடு, ஒலியின் வேகத்தை ஒட்டியே அதன் காலம் முடிந்துபோனது. 147 செய்தார்கள்.

அதே பெங்களூரில் பிற்பாடு ஜாகுவாருக்காக அடூர் என்ஜின் தயாரானது, பின்னெரிப்போடு, அதாவது புகைபோக்கியில் கூடுதல் எரிபொருளை எரித்து, ஏறக்குறைய 8,000 பவுண்டு உந்துவிசை. என் கேள்வி இதுதான்: அதை மாருத்தில் போட்டிருந்தால்? தாளில் நான் எழுதியது: இந்தியா, 1983, தாழப் பறந்து தாக்குவது, ராஜஸ்தான் ஓடுதளம். மாருத் உடல், வாலில் ஜாகுவார் கிட்டின் இரட்டைப் புகைபோக்கி. ஜாகுவாரில் அது வாலுக்குக் கீழே, வயிற்றோடு முடியும். மாருத்தில் உடலின் கடைசி நுனியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆகவே பின்னெரிப்பானுக்கு இடம் வேண்டி உடலை ஏழு மில்லிமீட்டர் நீட்டினேன். உந்துவிசை கூடினால் காற்றும் கூட வேண்டும், இரு பக்க இன்டேக்கையும் ஒரு மில்லிமீட்டர் அகலப்படுத்தினேன். யாரும் கவனிக்கவில்லை, ஆனால் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் கவனித்திருப்பார்கள். மூக்கில் நாலு 30 மில்லிமீட்டர் பீரங்கிக்கு மெல்லிய சிரிஞ்ச் ஊசி: அரை மில்லிமீட்டர் தடிமன், 72-ஆல் பெருக்கினால் 36, குழலின் கனத்தோடு சேர்த்துக் கணக்கு சரி.

மாருத் கிட் கைக்கு எட்டாவிட்டால் உடலை வேறெதிலிருந்தாவது செதுக்கிக்கொண்டு, ஏறத்தாழ 45 பாகை சாய்ந்த எஃப்-100 இறக்கையைப் பாருங்கள். ஹண்டர் இறக்கையும் ஆசை காட்டும், ஆனால் அது உடலோடு சேரும் இடத்திலேயே இன்டேக் ஓட்டை இருக்கிறது, அடைத்து முடிப்பதற்குள் வெறுத்துவிடும்.

கே: செய்து முடித்து நிறுத்தினால் வால் குத்தி உட்கார்ந்துவிடுகிறது. — நெல்லை வாசகர்

ப: மூக்குச் சக்கர விமானம் என்றால் உடலை மூடுவதற்கு முன்பே மூக்கில் எடை போட வேண்டும். சைக்கிள் கடை பேரிங் குண்டு போதும். தூண்டில் ஈயம் போட்டால் வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் ஈயம் பூத்து உப்பி மூக்கையே பிளந்துவிடும். இப்போதைக்கு வாலுக்குக் கீழே ஒரு ஏணியை முட்டுக் கொடுங்கள், விமானி ஏறுவதற்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

கே: பன்னிரண்டு வயது மகன், பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த புத்தம்புது கிட்டை முதல் நாளே இரண்டாக அறுத்துவிட்டான். கண்டிப்பதா, விடுவதா? — திருச்சி வாசகி

ப: எந்த இடத்தில் அறுத்தான் என்று கேளுங்கள் அம்மா. இறக்கைக்குப் பின்னால் என்றால் பையன் யோசித்திருக்கிறான். மழுங்கிய கத்தியைக் கொடுக்காதீர்கள், அதுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். சிமென்ட் பாட்டிலைத் திறந்தால் ஜன்னலும் திறந்திருக்கட்டும். பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை, ஸ்ப்ரூ என்போமே, குப்பையில் போடாதீர்கள். கொஞ்ச நாளில் வானொலி ஆன்டெனாக் கம்பி வேண்டும் என்பான். ஸ்ப்ரூவின் நடுவை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே சற்று உயரத்தில் காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இரு பக்கமும் மெதுவாக இழுத்தால் தலைமுடி மாதிரி இழை வரும். இழுப்பது அவன், மெழுகுவர்த்தி நீங்கள்.