ஒத்திகை இல்லாத நாடகத்துக்கு ஆள் எடுப்பது: கேட்டதும் சொன்னதும்

தருமபுரியில் சில வருஷமா இம்ப்ரோவ் காமெடி நடத்துறேன். கதை, வசனம் எதுவும் எழுதி வெச்சிருக்க மாட்டோம். பார்க்க வந்தவங்க ஒரு வார்த்தை கொடுத்தா அதுலேருந்து நாடகம் கிளம்பும். அதுக்கு ஆடிஷன் வெச்சு எப்படி ஆள் எடுக்கறதுன்னு பலரும் கேட்டிருந்தீங்க. தெரிஞ்சதைச் சொல்றேன்.

பாலக்கோட்டிலிருந்து: வசனமே இல்லைன்னா ஆடிஷன்ல என்னத்தைண்ணே பாப்பீங்க?

ஒரு சம்பவம் சொல்றேன். போன ஆடிஷன்ல நான் கொடுத்த வார்த்தை "புளி". ஒரு அக்கா தரையில குந்தி, கையில இல்லாத சுத்தியால இல்லாத புளியைத் தட்ட ஆரம்பிச்சாங்க. ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். அந்தக் கை அசைவுலயே அவங்க நெஜமா புளி தட்டுனவங்கன்னு தெரிஞ்சுது. உடனே ஒரு தம்பி பாஞ்சு வந்து, "கையைத் தூக்கு, நான் போலீஸ்!"னான். மிடுக்கான குரல், எல்லாரும் சிரிச்சாங்க. அக்கா கை அப்படியே நின்னுபோச்சு. காட்சி அங்கேயே செத்துது.

அதே அக்காவை வேற ஒரு பொண்ணோட திரும்ப விட்டேன். அந்தப் பொண்ணு பேசாம பக்கத்துல உக்காந்து தானும் தட்டுச்சு. பத்து தட்டு தட்டிட்டு, "அத்தே, போன வாரக் கூலியே இன்னும் வரல, நாம யாருக்குத் தட்டுறோம்?"னு கேட்டுச்சு. கூடம் அதிர்ந்துது. நான் எடுத்தது அந்த அக்காவையும் பொண்ணையும். தம்பியை ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னேன். கூட நிக்கிறவர் போட்ட கோலத்தை மிதிக்காம அதுலயே ஒரு புள்ளி சேர்க்கத் தெரியுதான்னுதான் பார்க்கிறேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: எனக்கு முப்பது குரல்ல மிமிக்ரி வரும். நேரா சேர்த்துப்பீங்களா?

மாட்டோம். எல்லாரையும் போல வரிசையில வாங்க.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை: எங்க மாணவர்கள்ல ஒரு குழு எடுக்கணும். 24 பேர் பேர் கொடுத்திருக்காங்க. எப்படி நடத்தறது சார்?

எட்டெட்டுப் பேரா மூணு அணி பிரிங்க மேடம். அணிக்கு 45 நிமிஷம். முதல் பத்து நிமிஷம் வெறும் விளையாட்டு, மார்க் கிடையாது, நடுக்கம் போகட்டும். அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா ரெண்டு நிமிஷக் காட்சி. ஒவ்வொருத்தரும் குறைஞ்சது மூணு வேற வேற ஆளோட ஆடணும். நண்பனோட மட்டும் நல்லா ஆடுறவன் நாளைக்கு மேடையில மத்தவங்களைத் தொலைச்சுடுவான். கடைசியா எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு காட்சி.

முக்கியமா, ஆடாம ஓரமா உக்காந்திருக்கிறவங்களைப் பாருங்க. மத்தவங்க ஆடும்போது போனைத் தடவுறவர் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் என் பட்டியல்ல கிடையாது. ஆறு பேர் வேணும்னா எட்டுப் பேரை எடுங்க, பரீட்சை வந்தா ரெண்டு பேர் காணாமப் போவாங்க. எட்டுப் பேரும் வாயாடியா இருந்தா சந்தைதான் நடக்கும். நிதானமா நிக்கிறவங்க ரெண்டு பேராவது வேணும். தேர்வாகாதவங்களுக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க.

அரூரிலிருந்து: ஒரு இடத்துல ஆடிஷனுக்கு 1,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கேக்கறாங்க. கட்டலாமா?

கட்டாதீங்க. நடிக்க ஆள் தேடுறவன் உங்ககிட்ட ஏன் காசு கேக்கறான்? பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் வாங்கறது வேற. ஆடிஷனுக்குக் காசுன்னா திரும்பிப் பார்க்காம வந்துடுங்க.

ஓசூரிலிருந்து: எங்க கம்பெனில தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் பேசுறவங்க இருக்கோம். தமிழ் சரளமா வராதவங்களை எடுக்கலாமா?

தாராளமா. இந்தக் கலையே அப்படி ஒரு இடத்துலதான் வளர்ந்துது. 1930-கள் முடியற சமயம், சிகாகோவுல குடியேறுன குடும்பத்துப் பிள்ளைங்களோட வேலை பார்த்த வயோலா ஸ்போலின், மொழி தடையா இருக்கக்கூடாதுன்னு நாடகத்தை விளையாட்டா மாத்துனாங்க. அவங்க மகன் பால் சில்ஸ் 1959-ல சிகாகோவுல செகண்ட் சிட்டிங்கிற இம்ப்ரோவ் அரங்கைத் தொடங்குனவங்கள்ல ஒருத்தர். ஸ்போலின் விளையாட்டு ஒண்ணு: அர்த்தமில்லாத உளறல்லயே பேசி ஒரு பொருளை விக்கணும். உங்க ஆடிஷன்ல முதல்ல அதை வையுங்க. ஆனா நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவங்களைக் காலையில கூப்பிடாதீங்க, தூக்கத்தைத்தான் நடிப்பாங்க.

பென்னாகரத்திலிருந்து ஒரு பெரியவர்: எங்க தெருக்கூத்துல கோமாளியா வர்ற கட்டியங்காரன் விடிய விடிய இதைத்தான பண்றான்? இதுக்கு என்ன இங்கிலீஷ் பேரு?

ஐயா, பாதி ஒத்துக்கறேன். திரைக்குப் பின்னால நிக்கிற ராஜாவை "யாரு நீ?"னு கேக்கறதும், அன்னிக்கு ஊர்ல நடந்ததை மகாபாரதக் கதைக்குள்ள இழுத்து விடறதும் அந்த நிமிஷத்துல பொறக்கறதுதான். ஆனா அவருக்குக் கதை இருக்கு. என்ன கூத்தடிச்சாலும் அர்ச்சுனன் தபசு மரம் ஏறியே தீரணும். எங்களுக்கு மரமும் கிடையாது, அர்ச்சுனனும் கிடையாது.

அதே பெரியவர்: கதை இருந்தா சுலபம்னு நினைக்கிறியாப்பா? விடியற்காலை மூணு மணிக்குத் தூங்குற சனத்தை எழுப்பிப் பாரு.

சுலபம்னு சொல்லலீங்க ஐயா. எங்க நிகழ்ச்சியே ஒரு மணி நேரம்தான்.

இடையில் மொரப்பூரிலிருந்து ஒருத்தர்: அப்ப கூத்துல ஆடிஷன் எப்படி?

வருஷக் கணக்கா நடக்கும். சின்னப் பையனா ஜமாவோட, அதாவது கூத்துக் குழுவோட, பெட்டி தூக்கப் போவான், திரை பிடிப்பான், சில்லறை வேஷம் கட்டுவான். வாத்தியார் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார், பார்த்துட்டே இருப்பார். நான் முக்கால் மணி நேரத்துல கண்டுபிடிக்கப் பார்க்கறதை அவர் பல சீசன் பார்த்து முடிவு பண்றார். இந்த ஒரு விஷயத்துல பெரியவர் பக்கம்தான் நான்.

காரிமங்கலத்திலிருந்து: மிமிக்ரி தெரிஞ்சா...

மேலே சொல்லிட்டேன்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு தங்கை: தனியா வரணும். காட்சியில தொட்டு நடிக்கச் சொல்வாங்களான்னு வீட்ல பயப்படறாங்க.

நியாயமான பயம்மா. எங்க ஆடிஷன் பகல்ல, கதவு திறந்த கூடத்துல நடக்கும். அம்மாவையோ அண்ணனையோ கூட்டிட்டு வா, ஓரமா உக்காரட்டும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் எங்கே தொடக்கூடாதுன்னு சொல்லிடுவாங்க. "யாரும் என்னைத் தொட வேணாம்"னாலும் சரி, அதுக்காக ஒரு மார்க்கும் குறையாது. மீறுறவன் அந்த நிமிஷமே வெளியே. வேற எங்கே போனாலும் இதை முதல்லயே கேளு. தனி ரூமுக்கு வான்னா போகாதே, காசு கேட்டாலும் போகாதே.

பர்கூரிலிருந்து: இதுல சேர்ந்தா டிவியில சான்ஸ் கிடைக்குமா?

தெரியாது. டீயும் போண்டாவும் கிடைக்கும்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து: மிமிக்ரி...

யப்பா சாமி.

மறுபடியும் பென்னாகரத்துப் பெரியவர்: பேச்சு போதும். எங்க ஊர்ப் பாரதக் கூத்துக்கு உன் ஆளுங்கள்ல ஒருத்தனைக் கூட்டிட்டு வா. எங்க கட்டியங்காரனுக்குப் பதில் சொல்லி அரை மணி நேரம் நிக்கட்டும், பார்க்கலாம்.

புளி தட்டுன அந்த அக்காவைக் கூட்டிட்டு வர்றேன் ஐயா. தேதி சொல்லுங்க. பதிவுக் கட்டணம் ஒண்ணும் இல்லையே?