அம்மாவின் கன்னப் புண்: சதை எடுத்தால் பரவுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு 54 வயது. வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டு. இடது கன்னத்தின் உள்ளே இரண்டு மாதமாக ஒரு புண், வலி இல்லை. மெடிக்கலில் வாங்கிய ஜெல்லுக்கும் பி காம்ப்ளெக்ஸுக்கும் ஆறவில்லை. மேல் அண்ணத்தில் கல் போல ஒரு மேடு, அடிநாக்கில் உருண்டைகள். எல்லாமே கட்டியா? சதை எடுத்துச் சோதித்தால் புற்று பரவிவிடும் என்கிறார்களே?

பதில்: பரவாது தம்பி. முற்றவிட்டு வருகிறவர்களுக்கு நோய் மோசமானதும் பழி கத்தி மேல் விழுகிறது, அவ்வளவுதான். மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில் அரிசியளவு சதை எடுப்போம். தேவைப்பட்டால் ஒரு தையல். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

அண்ணத்து மேடு அநேகமாக எலும்புப் புடைப்பு. பல வருடமாக அப்படியே இருந்தால் விட்டுவிடுங்கள். அடிநாக்கில் வரிசையாக இருப்பவை சுவை மொட்டுகளைத் தாங்கும் இயல்பான மேடுகள். உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. உதட்டில் வரும் எச்சில் நீர்க்கட்டி, கடிபட்ட இடத்தில் வளரும் சதைக்கட்டி எல்லாம் சாதுவானவை. மொபைலில் படம் பார்த்து ஒப்பிடுவதை நிறுத்துங்கள்.

கன்னத்துப் புண் அப்படியல்ல. சாதாரண வாய்ப்புண் எரியும், இரண்டு வாரத்தில் ஆறும். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைச் சோதிக்காமல் விடக்கூடாது. வலி இல்லை என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. வாய்ப்புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கையைக் கழுவிவிட்டுத் தொட்டுப் பாருங்கள்: ஓரம் தடித்துக் கெட்டியாக இருக்கிறதா? சுற்றிலும் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு உண்டா? தாடைக்கு அடியில் நெறி கட்டியிருக்கிறதா? எதுவும் தட்டுப்படாவிட்டாலும் சோதனை வேண்டும். குளிருக்கு இதமென்று புகையிலையை அடக்குவதும் அதே இடது பக்கம்தானே? புகையிலையை விட்டுப் பாக்கை மட்டும் போடுகிறேன் என்பார். பாக்கு தனியாகவே புற்றை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது.

புற்றுதான் என்று நான் சொல்லவில்லை. கூர்ப்பல் உரசியும் புண் ஆறாமல் இருக்கலாம்; பல்லை ராவிவிட்டால் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். ஆனால் மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஜெல்லும் பி காம்ப்ளெக்ஸும் இரண்டு மாதத்தைத் தின்றுவிட்டன. ஆரம்பத்தில் பிடித்தால் அறுவை சிகிச்சையிலேயே குணமாகிறவர்கள் நிறையப் பேர்.

இந்த வாரமே உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை புகையிலையை வலது கன்னத்துக்கு மாற்றிக்கொள்கிறேன் என்பார், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதுவும் கூடாது.