பெங்களூரில் மாடிக் கோழிக்கூண்டுக்குக் கீழே எதைப் பரப்பலாம்?

மாடியில் ஆறு நாட்டுக்கோழிகள், தரைக்கு உமியா, மரத்தூளா, வைக்கோலா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நெல் உமியைத்தான் சொல்வேன். சீக்கிரம் கட்டி தட்டாது, கிளறிவிட்டால் உலர்ந்துவிடும்.

அது கிடைக்காவிட்டால் தச்சுப் பட்டறையில் மரச்சீவல் வாங்குங்கள். பிளைவுட், பாலிஷ் போட்ட மரத்தின் சீவல் மட்டும் வேண்டாம். பொடியான மரத்தூளும் வேண்டாம். தூசி மூச்சைப் பாதிக்கும், குஞ்சுகள் தீனி என்று கொத்தித் தின்னும். வைக்கோலை நறுக்கித்தான் போட வேண்டும். முழுசாகப் போட்டால் பாய் மாதிரி படிந்து அடியில் பூஞ்சை பிடிக்கும்.

இங்கே ஜூன் முதல் அக்டோபர் வரை மழை விட்டு விட்டுப் பெய்யும், வெயிலும் குறைவு. எதைப் போட்டாலும் ஈரம்தான் பெரிய பிரச்சினை. ஈரப் படுக்கையில் இரத்தக் கழிச்சல் கிருமி பெருகும், அமோனியா கோழியின் கண்ணை எரிக்கும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் அந்த இடத்தை அள்ளி எடுத்துவிட்டுப் புது உமி போடுங்கள். 2 முதல் 3 அங்குல கனம் போதும், வாரம் இரண்டு முறை கிளறுங்கள். அப்புறம், தண்ணீர்க் கிண்ணத்தைச் செங்கல் மேல் வையுங்கள்; பெரும்பாலும் ஈரம் அங்கிருந்துதான் பரவுகிறது.

குஞ்சு வாங்கினால் வெறும் செய்தித்தாள் விரிக்காதீர்கள், பாவம், வழுக்கி வழுக்கிக் கால் அகண்டுவிடும்.