டாக்டரிடம் ‘மூலம்’ என்று சொல்லாதீர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள்

கேள்வி: குடல், செரிமானம் சம்பந்தமான ரிப்போர்ட்டுகளில் வரும் சொற்கள் விளங்குவதில்லை. நாம் வீட்டில் பேசும் தமிழில் தொந்தரவைச் சொன்னால் டாக்டருக்குப் போதுமா?

தாராளமாகப் போதும். ஆனால் நோயின் பெயரைச் சொல்லாமல், கண்ணால் பார்த்ததையும் உடம்பில் உணர்ந்ததையும் சொல்ல வேண்டும். மதுரையில் எண்டோஸ்கோப்பி பிரிவில், அதாவது கேமராக் குழாயை உள்ளே விட்டுக் குடலைப் பார்க்கும் பிரிவில், 9 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். வருகிறவர்கள் பலர் நோய்க்குப் பெயர் வைத்துக்கொண்டே வருகிறார்கள். வயிற்றில் எங்கே வலித்தாலும் அல்சர், எங்கே உப்பினாலும் கேஸ், பின்வழியில் எது நடந்தாலும் மூலம்.

இந்த மூலம் என்ற சொல்லால் எங்கள் அப்பா இரண்டு வருடத்தைத் தொலைத்தார். மலத்தில் இரத்தம் போவதை என்னிடமே மறைத்து, துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டுக்கொண்டும் வாரம் தவறாமல் கருணைக்கிழங்கு மசியல் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார். மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது என்று இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் வெறும் 7, அவ்வளவு இரத்தச்சோகை.

“அது மூலச்சூடு தாயி, தானா அடங்கிரும்” என்றார்.

“இரத்தம் கடைசில சொட்டுதாப்பா, மேல ஒட்டி வருதா, இல்ல மலத்தோட கலந்து வருதா?”

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கலந்துதான் வருது. சளி மாதிரியும் சேர்ந்து வருது.”

அந்த ஒரு பதிலிலேயே இது வெறும் மூலமாக இருக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு சுவரிலெல்லாம் ‘மூலம், பவுத்திரம்’ என்று சேர்த்தே எழுதி வைத்திருப்பதால் இரண்டும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். ஆசனவாயைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்வதுதான் மூலம். உள்மூலமாக இருந்தால் பெரும்பாலும் வலிக்காது, மலம் கழித்ததும் பளிச்சென்று சிவப்பாகச் சொட்டும். வெடிப்பு என்றால் அங்கே தோல் கிழிந்திருக்கிறது. பிளேடால் அறுத்த மாதிரி வலிக்கும், போய்வந்த பிறகும் மணிக்கணக்கில் எரியும். பவுத்திரத்தில் உள்ளிருந்து வெளித்தோல் வரை புழை விழுந்து சீழ் கசியும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இது எதுவுமே இல்லாமல் குடலுக்குள்ளிருந்தும் இரத்தம் வரலாம் என்பதைத்தான் மூலம் என்ற சொல் மறைத்துவிடுகிறது.

மலம் கருப்பாகப் போனாலும் சொல்லுங்கள். தார் மாதிரி பிசுபிசுத்து, நாற்றமும் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் பெரும்பாலும் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ இரத்தம் கசிகிறது என்று பொருள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாகப் போகும், அதனால் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது ‘குடல்புண்’. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் வரும் புண்ணையும் அப்படித்தான் சொல்கிறோம், பெருங்குடலில் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸையும் அப்படித்தான் சொல்கிறோம். முதலாவதற்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியோ வலி மாத்திரையோ காரணம். அந்தக் கிருமியை நிரூபிக்க ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-ல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமிதான் காரணம் என்றால் ஆன்டிபயாடிக் கொடுத்து ஒழித்துவிடலாம். கொலைட்டிஸ் அப்படி இல்லை. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே பெருங்குடலின் உள்சவ்வைப் புண்ணாக்குகிறது, வருடக்கணக்கில் மருந்து வேண்டும். “எனக்கும் குடல்புண்தான், இந்த மாத்திரைல கேட்டுச்சு” என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுப்பதை வாங்கிப் போடாதீர்கள்.

கைக்குழந்தைகள் விஷயத்தில் எனக்கு மனசு பதறும். பால் குடிக்காமல் வாந்தி எடுத்தால் குடலேத்தம், தொக்கம் என்று சொல்லி வயிற்றைத் தடவ எண்ணெயோடு கிளம்பிவிடுகிறார்கள். குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, ஒவ்வொரு முறையும் காலை வயிற்றோடு மடக்கினால் அது குடல் செருகலாக இருக்கலாம். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து சிக்கிக்கொள்வது அது. சிவப்பு ஜெல்லி மாதிரி மலம் வரும்வரை காத்திருக்கவே கூடாது. தடவினால் சரியாகாது, தாமதித்தால் சிக்கிய குடல் அழுகிவிடும்.

‘கேஸ்’ பற்றி ஒரே வார்த்தை: நெஞ்சை அடைத்து வியர்த்துக் கொட்டினால், வலி தாடைக்கோ கைக்கோ ஏறினால், அது மாரடைப்பாக இருக்கலாம், சோடா வாங்கிக் குடிக்காமல் முதலில் ஈசிஜி எடுங்கள்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். கொலோனோஸ்கோப்பியில், அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனையில், ‘சீகம்’ வரை போனதாக எழுதியிருந்தால் பெருங்குடலின் தொடக்கம் வரை, குடல்வால் ஒட்டியிருக்கும் இடம் வரை பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அங்கிருந்து ஏறுகுடல், குறுக்குக்குடல், இறங்குகுடல், பிறகு ‘சிக்மாய்டு’ எனப்படும் நெளிகுடல், கடைசியில் மலக்குடல். ‘மியூகோசா’ என்பது உள்சவ்வு, ‘எரித்திமா’ என்றால் அது சிவந்திருக்கிறது. ‘டைவர்ட்டிகுலா’ என்பவை குடல் சுவரில் வெளிப்பக்கமாகப் புடைத்த சிறு பைகள். வயதானவர்களுக்குச் சகஜம், தொந்தரவு தராவிட்டால் பயப்பட வேண்டாம். ‘பயாப்சி’ எடுத்ததாக இருந்தாலே புற்றுநோய் என்று அழுகிறார்கள். சிறு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த முடிவை மறக்காமல் போய் வாங்குங்கள்.

அப்பாவின் ரிப்போர்ட்டில் நெளிகுடலில் 2 சென்டிமீட்டர் ‘பாலிப்’ என்று இருந்தது. உள்சவ்விலிருந்து காளான் மாதிரிக் காம்பு விட்டு வளர்ந்த சதை. திரையில் நானே பார்த்தேன், செக்கச்சிவந்து, நுனியில் கசிந்துகொண்டு இருந்தது. கம்பிச் சுருக்கைக் காம்பில் மாட்டி அப்போதே அறுத்து எடுத்துவிட்டார்கள். பயாப்சியில் ‘அடினோமா’ என்று வந்தது. புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கக் கூடியது. 3 வருடம் கழித்துத் திரும்பவும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.